பெட்டியில் எழுதிய வெளிச்சமும் சுவரில் விழுந்த வெளிச்சமும்



அண்மைக் காலமாக நான் போகிற மாதர் சங்கக் கூட்டங்களில், தேத்தண்ணி வருகிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டுகிறார். அதில் ஒரு விளம்பரம். கைக்குள் அடங்கும் வெள்ளை நிறப் பெட்டி ஒன்று, பகல் வெளிச்சம் நிறைந்த அழகான அறையில், சுவர் முழுக்கப் பளிச்சென்று படம் காட்டுகிறது. "ஸ்மார்ட் புரொஜெக்ரர், 9,000 லூமன், 4கே, விலை இருபதாயிரத்துச் சொச்சம், வீட்டு வாசலில் காசு கொடுத்தால் போதும்." பிறகு கேள்வி வரும். "மிஸ், உந்த மல்டிமீடியாப் பெட்டி வாங்கலாமோ?"

எங்கள் பக்கத்தில் புரொஜெக்ரரை மல்டிமீடியா என்றுதான் சொல்வது. பிரதேச செயலகத்திலும் செயலமர்வுகளிலும் நாங்கள் கண்டது மடிக்கணினியோடு இணைக்கிற பெரிய இயந்திரம். இப்போது வருவது வேறு. இதற்குள்ளேயே அன்ட்ரொய்ட் இருக்கிறது. கணினி வேண்டாம், வைபை கிடைத்தால் தானே யூடியூப் காட்டும். அதனால்தான் 'ஸ்மார்ட்' என்கிறார்கள்.

வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் ஒரு அக்கா இதற்காகக் கடன் எடுக்கத் தயாராக நின்றார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் வருமானம். பெட்டி, பெரிய ஒலிபெருக்கி, திரை எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். சாமத்திய வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி என்று வாடகைக்கு விட்டால் ஒரு நிகழ்வுக்கு மூவாயிரம் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கடன் கொடுப்பவர்களின் கணக்கு, கிழமைக்கு 1,500 வீதம் 52 கிழமை. கூட்டிப் பார்த்தால் 78,000. அதாவது ஒரு வருடத்தில் 26 நிகழ்வு கிடைத்தால்தான் கடனே முடியும், அவருடைய கைக்கு ஒரு சதமும் வராது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. கிழமைக் காசுக்காரர் வாசலில் வந்து இருந்ததையும் மறக்கவில்லை.

"மூன்று கிழமை பொறுங்கோ அக்கா, முதலில் ஒன்றை வைத்துப் பார்ப்போம்" என்றேன். அதே சங்கத்தில் இன்னொரு சகோதரியின் தம்பி கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த இதே மாதிரிப் பெட்டி ஒன்று அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. அதைத்தான் மூன்று கிழமையும் என் வீட்டிலும், அந்த அக்கா வீட்டிலும், முன்பள்ளிக் கட்டிடத்திலும் வைத்துப் பார்த்தோம்.

முதலில் இந்த லூமன் என்ற சொல்லைப் பார்ப்போம். ஒரு விளக்கிலிருந்து மொத்தமாக வெளியே வருகிற வெளிச்சத்தின் அளவுதான் லூமன். இது உங்களுக்குத் தெரியாத விடயமல்ல. கடையில் வாங்குகிற 9 வாற் எல்ஈடி மின்குமிழின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 800 அல்லது 900 லூமன் என்று எழுதியிருக்கும். அப்படியென்றால் ஒரு வாற்றுக்கு ஏறக்குறைய 90, 100 லூமன். இனி புரொஜெக்ரரின் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்களுடையதில் 60 வாற் என்று இருந்தது. அந்த 60 வாற்றும் விளக்குக்கே போகிறது என்று வைத்தாலும் ஐயாயிரத்துச் சொச்ச லூமன்தான் வரும். 9,000 எங்கிருந்து வந்தது?

அதோடு முடியவில்லை. அந்த வெளிச்சம் நேரே சுவருக்கு வருவதில்லை. உள்ளே கண்ணாடித் தகடு போன்ற ஒரு சிறிய எல்சிடி திரை இருக்கிறது. அதன் ஒளி வடிகட்டியிலேயே பாதிக்கு மேல் நின்றுவிடும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். பிறகு வில்லைகள், கண்ணாடி, ஓரங்களில் வீணாவது. தேங்காய்ப்பாலை மூன்று தரம் வடித்ததுபோல, கடைசியில் சுவருக்கு வருவது இருநூறு லூமனுக்கு அங்காலும் இங்காலும்தான். விளக்கின் லூமனை எழுதுகிறவர்களும் உண்டு, வாய்க்கு வந்ததை எழுதுகிறவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது சுவரில் விழுகிற லூமன். அதை அளப்பதற்கு அமெரிக்காவின் தர நிறுவனம் 1992 இல் ஒரு முறை வகுத்தது. அதன்படி அளந்ததைத்தான் அன்சி லூமன் என்பார்கள். சர்வதேச தரத்தில் அதற்கு ஐஎஸ்ஓ 21118 என்று பெயர். பெட்டியில் இந்த இரண்டில் ஒன்று எழுதப்படாமல் வெறும் 'லூமன்' என்று இருந்தால், அந்த எண்ணை வாசிக்காமலே விட்டுவிடுங்கள். கூட்டி எழுதுகிற இந்தப் பழக்கம் எங்கள் ஊர்க் கடைக்காரர் தொடங்கியதும் அல்ல. அமெரிக்காவில் எப்சன் நிறுவனம் இதற்காகவே போட்டிக் கம்பனிகள் பலவற்றின் மேல் வழக்குப் போட்டிருக்கிறது.

அளக்கிற முறை கடினமானதல்ல. நான் படித்தது சமூகவியல், மின்னியல் அல்ல. என்னால் முடிந்தது உங்களாலும் முடியும். கைத்தொலைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அது 'லக்ஸ்' என்ற அளவில் காட்டும். ஒரு சதுர மீற்றரில் விழுகிற லூமன்தான் லக்ஸ். ஆகவே ஒரு சின்ன உபாயம் உண்டு. படத்தை 133 சென்ரிமீற்றர் அகலம், 75 சென்ரிமீற்றர் உயரம் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். அது கடைக்காரர் பாசையில் 60 அங்குலம், பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர். பெருக்கல், பிரித்தல் ஒன்றும் வேண்டாம். அறையை இருட்டாக்கி, திரை முழுக்க வெள்ளையாக ஒரு படத்தைப் போட்டு, மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என்று ஒன்பது இடத்தில் போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். போனின் முகம் புரொஜெக்ரரைப் பார்க்க வேண்டும். ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் பிரித்தால் வருவதுதான் லூமன்.

எங்களுக்கு நடுவில் 230 வந்தது. மூலைகளில் 120 தாண்டவில்லை. சராசரி 160. போன் துல்லியமான கருவியல்ல. உண்மையில் அது 130 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். ஆனால் எந்தப் போன் எவ்வளவு பிழைவிட்டாலும் 9,000 ஆகாது.

160 லூமன் என்றால் பயனில்லையா என்று கேட்பீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிதாக என்பதைப் பொறுத்தது அது.

அந்த அக்கா வீட்டு முன்னறையில் காலை பத்து மணிக்குக் கதவும் யன்னலும் திறந்திருந்தபோது, புரொஜெக்ரரைப் போடாமலே சுவரில் 300 லக்ஸ் இருந்தது. பெட்டியைப் போட்டோம். ஏதோ அசைகிறது என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. இதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சியில் கறுப்பு என்றால் அந்த இடம் கறுப்பாக இருக்கும். புரொஜெக்ரரால் கறுப்பை வீசமுடியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், வெளிச்சம் விழாத உங்கள் சுவர்தான். சுவர் வெளிச்சமாக இருந்தால் தலைமயிரும் சாம்பல், சேலைக்கரையும் சாம்பல். கதவையும் யன்னலையும் சாத்தி, போர்வை தொங்கவிட்டோம். சுவரில் 40 லக்சுக்கு இறங்கியது, படமும் வந்தது. ஆனால் பங்குனி வெயிலில் காற்றில்லாத அந்த அறைக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் இருக்க முடியவில்லை. விளம்பரத்தில் வருகிற பகல் அறைப் படம் கணினியில் ஒட்டியது, சகோதரிகளே. இந்த விலைப் பெட்டியில் அது நடக்காது.

இரவு வேறு. ஆனால் இரவைப் பற்றி இந்தப் பெட்டிகளை விற்கிறவர்கள் சொல்லாத ஒரு விடயத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். குறைந்த வெளிச்சமுள்ள புரொஜெக்ரர் உங்களிடம் இருட்டைக் கேட்கிறது. இருட்டு எல்லோருக்கும் ஒன்றல்ல. முதல் நாள் முன்பள்ளிக் கட்டிடத்தில் கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு கேட்டபோது, "எனக்கு பங்கருக்குள்ள இருந்த மாதிரிக் கிடந்தது பிள்ளை" என்றார். அடைத்த அறை, வெக்கை, இருட்டு, திடீரென்று ஒரு வெளிச்சம். பெட்டியைப் போட்டதும் அது தானாக ஒரு சத்தம் எழுப்பியதே, அதற்கும் இரண்டு பேர் திடுக்கிட்டார்கள். 2009 நடந்து எத்தனை ஆண்டுகள் போனாலும் உடம்பு மறப்பதில்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்த நாள் மாற்றிச் செய்தோம். கதவைத் திறந்தே விட்டோம். பெட்டியைப் போட முன்னரே, இப்போது சத்தம் வரும் என்று சொன்னோம், போட்டதும் சத்தத்தைக் குறைத்து வைத்தோம். அடுத்த தரம் போடும்போது அது குறைந்தே வந்தது. சுவருக்கு நேரே இருந்த ரியூப் லைற்றை மட்டும் அணைத்துவிட்டு, பின்னால் சமையல் பக்கத்து மின்குமிழை எரியவிட்டோம். சுவரில் நேரே விழாத வெளிச்சம் படத்தை அவ்வளவாகக் கெடுக்காது. ஆட்களின் முகம் ஒருவருக்கொருவர் தெரிந்தது. அந்த அம்மாவும் வாசலோரக் கதிரையில் கடைசி வரை இருந்தார். தனியாக இருக்கிற சகோதரிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே இருட்டாக்கி யன்னலைத் திறந்து வைத்துப் படம் பார்க்கும்போது, வெளியே நிற்பவருக்கு உங்கள் வீடு தெரியும், உங்களுக்கு வெளியே தெரியாது. வளவில் ஒரு விளக்கு எரியட்டும். அதனால் படத்துக்கு ஒரு குறையும் வராது.

இத்தனைக்கும் இடம் கொடுப்பதற்கு ஒரே வழி, படத்தைச் சிறிதாக்குவது. 160 லூமனை 60 அங்குலப் படத்தில் விரித்தால் 160 லக்ஸ். 120 அங்குலத்துக்கு விரித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, வெளிச்சம் 40 லக்சாகிறது. விளம்பரத்தில் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். அதையே 40 அங்குலத்துக்குள் ஒடுக்கினால் 360 லக்ஸ். அப்போது பின் விளக்கு எரிந்தாலும் எழுத்து வாசிக்கலாம். ஒரே காசுதான், அதை எத்தனை பேருக்குப் பங்கிடுகிறோம் என்பதுதான் கேள்வி. பெட்டியைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனால் படம் சிறிதாகும். 60 அங்குலத்துக்கு ஐந்தரை அடி தூரம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இதை நாங்கள் கணக்கில் படிக்க முன்னர் ஒரு தாயிடம் படித்தோம். இரண்டாம் கிழமை, எல்லோரும் போன பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவருடைய போனில் மகனின் படம் ஒன்று இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை யாரோ போனால் திரும்ப எடுத்தது. மகன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. "ஆள் உயரத்துக்கு ஒருக்காக் காட்டுவியளோ" என்று கேட்டார். போட்டோம். சுவர் முழுக்க மங்கலான சதுரங்கள் தெரிந்தன, முகம் இல்லை. சின்னப் படத்தை அவ்வளவுக்கு விரித்தால் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வெளிச்சமும் போய்விடும். மேசையைத் தள்ளித் தள்ளிச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனோம். படம் ஒரு தலையணை அளவுக்கு வந்தபோது கண்ணும் வாயும் சேர்ந்து முகமானது. "காணும், இதிலேயே விடுங்கோ" என்றார். அரை மணித்தியாலம் இருந்தார். நாங்கள் வெளியே விறாந்தையில் இருந்தோம்.

இப்படியான படங்களைக் கூட்டத்தில் போட முன்னர், அங்கே இருக்கிற எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒருவருக்கு ஆறுதலாக இருப்பது இன்னொருவருக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம். பூசாத சீமெந்துச் சுவர் பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். பளபளப்பான பெயின்ற் கண்ணைக் கூசும். மினுக்கமில்லாத வெள்ளை எமல்சன்தான் நல்லது. வேட்டியையோ படுக்கை விரிப்பையோ கட்டுவதென்றால் இரண்டாக மடித்துக் கட்டுங்கள், ஒற்றைத் துணியில் வெளிச்சம் பின்னால் போய்விடும். திரைக்கென்று பத்தாயிரம் செலவழிக்கத் தேவையில்லை. மாரிக்கு ஈசல் வரும். ஈசலுக்குப் பல்லி வரும். ஒரு நாள் சுகாதார விளக்கப் படத்தில் பேசிக்கொண்டிருந்த மருத்துவரின் மூக்கில் பல்லி ஓடிப்போய் நின்று, அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

'ஸ்மார்ட்' பகுதிக்கு வருகிறேன். யூடியூப் ஓடுகிறது. நெட்பிளிக்ஸ் போன்றவை இந்த மலிவுப் பெட்டிகளில் ஒழுங்காக ஓடாது. அவற்றுக்குத் தேவையான அனுமதி இவற்றுக்கு இருப்பதில்லை. '4கே' என்பது, 4கே படத்தைக் கொடுத்தால் அது வாங்கிக்கொள்ளும் என்பதுதான். சுவரில் விழும் படம் எங்களுடையதில் 1280க்கு 720 புள்ளிதான். ஆகவே உயர்ந்த தரத்தில் பார்த்து டேட்டாவைக் கரைக்காதீர்கள். யூடியூப்பில் 480 என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபி அளவில் முடியும். 1080 என்றால் ஒன்றரை ஜிபிக்கு மேல் போகும், சுவரில் வித்தியாசமும் தெரியாது. இதைவிடச் சிக்கனம், இணையம் உள்ள இடத்தில் வகுப்புப் படங்களைப் பென்ட்ரைவில் இறக்கி வந்து போடுவது. பெட்டியின் பின்னால் அதற்கு இடமிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியாத கம்பனிகளின் அன்ட்ரொய்ட் பெட்டிகள் சிலவற்றில், கடைக்கு வர முன்னரே களவு மென்பொருள் ஏற்றப்பட்டிருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்பிஐ எச்சரித்தது. அந்தப் பட்டியலில் புரொஜெக்ரர்களும் இருந்தன. பயந்து போகத் தேவையில்லை. உங்கள் வங்கி அலுவல்களுக்கும், வெளிநாட்டிலிருந்து காசு வரும் அலுவல்களுக்கும் பாவிக்கிற மின்னஞ்சலை மட்டும் இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். சங்கத்துக்கென்று வேறொரு கணக்கைத் திறந்து அதைப் போடுங்கள். யூடியூப் பார்க்கக் கணக்கே தேவையில்லை.

மின்சாரம் பெரிய செலவில்லை. 60 வாற் பெட்டியை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போட்டால் மாதத்துக்கு 3.6 அலகு. 60 அலகு எல்லையில் நிற்கிற வீட்டுக்காரர் மட்டும் யோசிக்க வேண்டும், அந்த எல்லையைத் தாண்டினால் அலகுக் கட்டணம் ஏறிவிடும். மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், இதற்குள் மின்கலம் இல்லை. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் இது அலுமாரிக்குள்தான் இருந்திருக்கும். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய்த் திரி போட்டுப் படித்த எங்கள் தலைமுறைக்கு அதுவும் புதினமில்லை. உள்ளே விசிறி ஓடுவதால் ஒரு இரைச்சல் உண்டு, பெட்டியின் சொந்த ஒலிபெருக்கி அதை மீறி ஐந்தாறு பேருக்கு மேல் கேட்காது. செம்மண் புழுதி இன்னொரு சத்துரு. மலிவுப் பெட்டிகளின் உட்பகுதி மூடப்பட்டதல்ல, விசிறி இழுக்கிற புழுதி வில்லைக்குப் பின்னால் படிந்து சுவரில் பொட்டுப்பொட்டாகத் தெரியும். பாவித்து முடிந்து பெட்டி ஆறியதும் துணிப் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள். 30,000 மணித்தியால ஆயுள் என்று எழுதியிருப்பது எல்ஈடி விளக்குக்கு மட்டும். விசிறியும் உள்திரையும் அதற்கு நெடுநாள் முன்னரே போகலாம். சின்னப் பிள்ளைகள் வில்லைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள், அதற்கு விடவே வேண்டாம்.

நாங்கள் எதிர்பாராத பயன் ஒன்று தையல் வகுப்பில் கிடைத்தது. சட்டையின் வெட்டு வடிவத்தைச் சுவரில் ஒட்டிய பழுப்புத் தாளில் உண்மையான அளவிலேயே விழுத்தி, பென்சிலால் கீறி எடுக்கிறார்கள். கைவேலைக்கான பூ வடிவங்களும் அப்படித்தான். இதற்குப் படம் சின்னது, எட்டு லக்ஸ் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, ரியூப் லைற் எரியும்போதே வேலை நடக்கும். ஆனால் பெட்டி சுவருக்கு நேராக நிற்க வேண்டும். சரிந்து நின்றால் படத்தை நிமிர்த்துகிற வசதி அதற்குள் இருக்கிறது, அதை நம்பி அளவு எடுத்தால் தோள் ஒரு பக்கம் அரை அங்குலம் கூடிவிடும். முதலில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை விழுத்தி, நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளவுநாடாவால் அளந்து சரிபார்த்த பிறகே வடிவத்தைப் போடுகிறார்கள். இந்த யோசனை என்னுடையதல்ல, தையல் ரீச்சருடையது.

வாங்குவதென்றே முடிவெடுத்தவர்களுக்குச் சொல்வது இதுதான். வீட்டில் பகலில் நாடகம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் என்றால், 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றுக்குக் காசு சேருங்கள், கதவை அடைக்கத் தேவையில்லை. இரவில் பத்துப் பேர் கூடுகிற இடத்துக்கு என்றால் பெட்டியை யோசிக்கலாம். முகநூல் விளம்பரத்தைப் பார்த்து எடுக்காமல் கடைக்குப் போங்கள். கடையின் இருட்டு மூலையில் காட்டுவார்கள். முன்பக்கம் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துள்ள ஒரு படத்தைப் பென்ட்ரைவில் கொண்டுபோய் மூலைகளில் எழுத்துத் தெளிகிறதா என்று பாருங்கள். அன்சி லூமன் எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அந்த அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நான் ஒன்றும் தடுக்கவில்லை. மூன்று கிழமைக்குள் ஊரில் நடந்த சாமத்திய வீடு ஒன்றுக்கும் அந்தியேட்டி ஒன்றுக்கும் அவரே போய், படம் காட்டுவதென்றால் எந்த நேரம் காட்டுவார்கள் என்று விசாரித்து வந்தார். இரண்டும் மதியச் சாப்பாட்டு நேரம், பந்தலுக்குள். "பந்தலுக்குள்ள உது ஒண்டும் தெரியாது மிஸ்" என்று அவரே சொல்லிவிட்டுக் கடன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டார்ப் பெட்டியைச் சங்கம் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்குக் கைக்காசு கொடுத்து வாங்கியது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு முன்பள்ளிக் கட்டிடத்தில் தையல் வகுப்பு, அதன் பின் பிள்ளைகளுக்குப் பாடம். திறப்பு இந்த மாதம் அந்த அக்காவிடம் இருக்கிறது. படத்தை யாரும் பெரிதாக்கக் கூடாதென்று, 40 அங்குலத்துக்கு நான்கு மூலையிலும் சுவரில் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்.

வாடகைக்கு விடுகிற கதிரை, பந்தல், பாத்திரம் பற்றிச் சில சங்கங்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை அடுத்த இதழில் பார்ப்போம்.